‘அ’ மார்க் போட்ட கவர்

ஹலோ... ஹலோ, சலவை நிலையம்... யாரு? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இங்க பாய்லர் ஓடுது... யாருங்க?... ஓ.

நீயா.

...

சொல்லு, சொல்லு. எட்டு மாசம் கழிச்சு இந்த நம்பர் ஞாபகம் இருக்கே, அதுவே பெருசு... ம்... ம்... இல்ல, பெரியவரு சாப்பிடப் போயிருக்காரு... மைக்காரரா? அவரும் இல்ல, கடைக் கணக்கு விஷயமா பேங்குக்குப் போயிருக்காரு. நான்தான் கவுண்டர்ல இருக்கேன். ஏன், என்கிட்ட சொன்னா உன் வாய் வெந்துடுமா?... ஆமா, உன் மூத்த ஓரகத்திதான் பேசுறேன். குரல் மறந்துபோச்சா? அதுக்குள்ளயா?

எந்த சர்டிபிகேட்?... சம்பள சர்டிபிகேட்டா?... தெரியும்டி, தெரியும். இந்த லாண்டரியில நீ வருஷத்துக்கு வாங்கின சம்பளம் இவ்வளவு, அதுல நாங்க பிடிச்ச வரி இவ்வளவுன்னு எழுதிக் குடுக்குற தாள். அதானே? நான் ஒண்ணும் எழுதப் படிக்கத் தெரியாதவ இல்ல. அதுக்கு எதுக்கு இவ்வளவு வெளக்கம்?

அதுதான் அனுப்பியாச்சே... ஆமா, அனுப்பியாச்சு. போன மாசமே அனுப்பியாச்சுன்னு பெரியவரு கட்டின பொண்டாட்டி என்கிட்டயே சொன்னாரு... வரலைன்னா நான் என்ன பண்றது? புது வீட்டுக்குப் போன பெரிய மனுஷி, தபாலை எங்க வச்சியோ. உன் வீட்டுக்காரன் பழைய பேப்பரோட சேத்துக் கட்டிப் போட்டிருப்பான். அவன் இங்க இருந்தப்பவும் அப்படித்தானே, கரண்ட் பில்லை மடிச்சு ஆடுற மேசைக்கு முட்டுக் குடுத்தவன்... ம்... ம்...

நாளைக்கா கடைசி நாள்? நல்லா இருக்குடி உன் சாமர்த்தியம். வீடு பத்தி எரியும்போதுதான் வாளி எங்கன்னு தேடுவியா?... ஓ, மூணு லெட்டர் போட்டியா? எனக்குத் தெரியாது. என் கையில எந்த லெட்டரும் வரல...

இருடி. ஒரு ஆள் வந்திருக்காரு.

சொல்லுங்க சார்... ரசீது?... ரசீது இல்லாம எப்படி சார் எடுத்துத் தர்றது? உள்ள முந்நூறு வெள்ளைச் சட்டை தொங்குது, எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை... பாக்கெட்ல பாருங்க... அந்தப் பாக்கெட் இல்ல, இந்தப் பாக்கெட்... இருக்கு பாத்தீங்களா. அஞ்சு மணிக்கு வாங்க.

ம், சொல்லு... நீ அங்கேயே இருக்கியா? சரி. எதுக்கு அந்தச் சர்டிபிகேட் இவ்வளவு அவசரம்? வருமான வரி கட்டாம விட்டா உன்னை ஜெயில்லயா போடப் போறாங்க?... பேங்க்கா?... ஓஹோ. வீட்டுக் கடன். அப்படிச் சொல்லு. ரெண்டு பேர் வருமானத்தையும் காட்டணும், ரெண்டு பேரும் வரிக் கணக்குக் குடுத்த ரசீது வேணும்... இல்லைன்னா?... இல்லைன்னா அந்த வீட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களா? அட பாவமே. இங்க நீங்க இருந்த மாடி சும்மாத்தான் கிடக்கு. ரெண்டு ரூமு, ஒரு பால்கனி. அது உங்களுக்குக் கசந்துபோச்சு. இப்போ கடன் வாங்கிப் புறாக் கூண்டு வாங்கப் போறீங்க... பாப்பாவுக்குத் தனி ரூமா? ஆறு வயசுப் பிள்ளைக்கு எதுக்குடி தனி ரூமு? இங்க இருந்தப்ப என் பக்கத்துலதான் படுத்துச்சு. கால் ரெண்டையும் தூக்கி என் வயித்து மேல போட்டுத்தான் தூங்கும்.

...

சாப்பிடுதா, இல்ல அதுக்கும் ஏதாவது பேப்பர் வேணுமா?... ம். ம். என்னைக் கேட்டாளா?... என்னன்னு கேட்டா?... சரி, விடு. எனக்கு எதுக்கு அதெல்லாம்.

இங்க பாரு, உனக்கு ஒண்ணு சொல்லவா? இந்தச் சர்டிபிகேட் தலைவலியே உனக்கு வந்திருக்காது. சொந்தக் கடையில உக்காந்து நாலு துணி மடிச்சதுக்குச் சம்பளம் கேட்டவ இந்தக் குடும்பத்துலேயே நீ ஒருத்திதான். சம்பளம் வாங்கினா வரி, வரின்னா பேப்பர். நான் பதினேழு வருஷமா இருக்கேன், என்னைக்காவது கை நீட்டினேனா? எனக்கு ஒரு தாள் கிடையாது, ஒரு தலைவலியும் கிடையாது... என்னது?... என்னமோ சொல்ல வந்த... இல்ல, ஏதோ சொல்ல வந்து முழுங்கின. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது... ஒண்ணுமில்லையா? ஒண்ணுமில்லைன்னா விடு.

ம்... ஆமாமா, நீ செஞ்சதை எல்லாம் நான் பாத்தேன். இஸ்திரி உருளை மெஷின்ல போர்வை போட்ட, அனுப்புற மூட்டையை எண்ணின, சூடு பட்டுக் கையைச் சுட்டுக்கிட்ட. பெரிய தியாகம்! இப்போ ஆஸ்பத்திரி துணி ஸ்டோர்ல உக்காந்துகிட்டு நாம வெளுத்து அனுப்புற போர்வைக்கே குத்தம் கண்டுபிடிக்கிற. போன வாரம் நாப்பது போர்வை திரும்பி வந்துச்சே, அது உன் கைவரிசைதானே?... கறை இருந்துச்சா? அப்போ திருப்பி அனுப்பினது சரிதான்னு சொல்றியா?... ம். இருந்துச்சுதான். நானும் பாத்தேன். அதுக்காக நாப்பதையுமா அனுப்புவாங்க?

சரி, எனக்கு நேரமில்ல. பெரியவரு வந்ததும் சொல்றேன்... எப்ப வருவாருன்னு எனக்கென்ன தெரியும்? சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் சாய்வாரு... அழறியா? இங்க பாரு, அழுதா வச்சிடுவேன். ஏற்கனவே இங்க ஈரம் அதிகம்.

...

எந்த அலமாரி?... பச்சையா?... மூணாவது இழுப்பறை. இரு, போனைத் தோள்ல இடுக்கிக்கிறேன். நீ போய் எட்டு மாசமாச்சு, எந்த இழுப்பறையில எது இருக்குன்னு இன்னும் உனக்குத்தான் தெரியுது. பெருமைப்படாத. நீ போனதுல இருந்து இதை யாரும் தொடச்சே வைக்கல போல, எவ்வளவு பஞ்சுத் தூசி பாரு... அச்சூ!... ம்... அச்சூ!... பரவாயில்ல, சாக மாட்டேன்.

இதுல எல்லாம் ‘அனுப்பியாச்சு’ கட்டுதான் இருக்கு. அனுப்பின மூட்டையோட சீட்டு... ஆமா, மேல ‘அ’ன்னு மார்க் போட்டது எல்லாம். ‘அ’ன்னா அனுப்பியாச்சு, அது தெரியாதா எனக்கு? நீல மையில பெருசு பெருசா எழுதி வச்சிருக்காரு மைக்காரரு. இருபது வருஷம் போர்வை மூலையில மார்க் எழுதின மனுஷனைக் கொண்டு வந்து கணக்கு நாற்காலியில உக்கார வச்சாரு பெரியவரு. எதைப் பாத்தாலும் அவருக்கு மூட்டைதான். ரெண்டு கோடு ஒரு புள்ளின்னா ஸ்டேஷன் ஹோட்டல், ஒரு வட்டம்னா சலூன்காரரு. முந்தாநாள் அவரோட டிபன் பாக்ஸ் மூடியில கூட மார்க் போட்டிருந்தாருடி, நானே பாத்தேன்... சிரிக்காத. நான் சிரிக்கச் சொல்லல.

சீட்டு... சீட்டு... சீட்டு... இது என்ன, கவரு. ஒட்டி இருக்கு. மேல விலாசம் எதுவும் இல்ல. வெறும் ‘அ’... தொறக்கவா? தொறந்தா என்னைத் திட்டுவாரு... தொறந்துட்டேன், போ.

தாள் இருக்கு. ‘சம்பளம் மற்றும் பிடித்த வரிக்கான சான்று.’ இதானே?... அடடா, குதிக்காத, காது வலிக்குது. ஆனா உன் பேரு இல்லையே. பேருன்னு போட்டு, பக்கத்துல... ‘சி.அ.’

சி.அ.வா? இது எந்த ஊரு பேரு?... என்ன?... சின்ன... சின்ன அண்ணியா!

ஹையோ! அட கிறுக்கு மனுஷா! எல்லாரும் உன்னைச் சின்ன அண்ணின்னு கூப்பிடுறாங்க, அதையே மார்க் ஆக்கி அரசாங்கத் தாள்ல அடிச்சு வச்சிருக்காரு. நல்லாத்தான் கத்துக்கிட்டு வந்திருக்காரு தொழிலை! பதினோரு வருஷம் ராப்பகலா உழைச்சேன் உழைச்சேன்னு குதிச்சியே, உன் பேருகூட அவருக்குத் தெரியல பாத்தியா? சம்பளப் புஸ்தகத்துலேயும் நீ ஒரு மூட்டைதான்டி. சி.அ.! போர்வை மூலையில எழுதித் தச்சு விட்டிருக்கணும்... சிரிப்பு வருது எனக்கு, என்ன பண்ணச் சொல்ற?

இரு, இப்போ புரியுது. கவர் மேல ‘அ’ன்னு போட்டாரு, அண்ணின்னு அர்த்தம் வச்சுக்கிட்டு. பெரியவரு அதைப் பாத்தாரு, அனுப்பியாச்சுன்னு நெனச்சு இந்த இழுப்பறையில போட்டுட்டாரு. முடிஞ்சது கதை. தபால்காரர் பாவம், அவர் மேல பழி... நான்தான் உன் மேல பழி போட்டேனா? அதை இப்போ எதுக்குச் சொல்லிக் காட்டுற?

இதை அப்படியே குடுத்தா வாங்கிக்க மாட்டாங்களா?... அதுவும் சரிதான். வரி நம்பர் உன்னோடது, பேரு சி.அ.ன்னா, அந்த ஆபீஸ்காரங்க அப்படியே தூக்கி வெளிய எறிவாங்க. பேரைத் திருத்திப் புதுசா அடிச்சு, பெரியவரு கையெழுத்தும் வாங்கணும்... ம். அவரு போட மாட்டாரு. நேர்ல வந்து என்கிட்ட கேக்கட்டும்னு சொல்லுவாரு. நீ வருவியா? வர மாட்ட. ரெண்டு பேருக்கும் ரோஷம் மூக்கு நுனியிலேயே உக்காந்திருக்கு. நடுவுல நான் யாரு, தூதுவரா?

இன்னொரு தாளும் இருக்கு கவருக்குள்ள. அதே மாதிரி... இது நம்மளோடது இல்ல. பெரிய ஆஸ்பத்திரியோடது... ஆமா, உன் ஆஸ்பத்திரிதான். ‘பெ.ஆ.’ மார்க். தப்பாச் சேத்து வச்சுட்டாரு.

...

என்ன கேக்குற?... ஆஸ்பத்திரிக்கு நாம எதுக்குச் சம்பளம் குடுக்கணும்னா... அட, ஆமா. ஆஸ்பத்திரிக்கு எதுக்குடி சம்பளம்?... இரு, கண்ணாடியைப் போட்டுக்கிறேன்... ‘ஆ’ இல்ல. ‘அ’. பெ.அ.

பெ.அ.

வேலை, மேற்பார்வை. மாதச் சம்பளம் இருபதாயிரம். வேலையில் சேர்ந்த நாள்... இது என்னடி, நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து சரியா ஒரு மாசம் கழிச்சு இருக்கு. அப்போ இங்க வேற யாரு சேந்தாங்க? யாரும் சேரலையே. பாய்லர்காரன் அதுக்கு அடுத்த வருஷம்தான் வந்தான். பெ.அ.ன்னு யாரு... ஏன் பேச மாட்டேங்குற? ஹலோ?... லைன்ல இருக்கியா?... சொல்லேன், யாரு?

...

நானா?

...

...இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

பெரிய அண்ணி. ஆமா. அப்படித்தானே கூப்பிடுறாங்க என்னை.

போடி, போ. நான் என்ன வேலை பாத்தேன், எனக்குச் சம்பளம் போட? இது வேற ஏதோ... ம்... காலையில ஆறு மணிக்குப் பாய்லர்காரனுக்குச் சாவி குடுக்குறேன், ஆமா... கவுண்டர், ஆமா... சாயங்காலம் சில்லறை எண்ணிக் கட்டுறேன்... லீவு போட்டவங்க இடத்துல நின்னு மடிக்கிறேன்... ஹோட்டல்காரன் சண்டைக்கு வந்தா பேசி அனுப்புறேன்... அதெல்லாம் வேலையாடி?

...

ஆமா, உன் வேலையையும் நாலு துணி மடிச்சதுன்னுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் முன்னாடிதான் சொன்னேன். எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கோ.

இரு. உன் தாள்ல எவ்வளவு?... பதினெட்டு. எனக்கு இருபது. உன்னைவிட ரெண்டாயிரம் ஜாஸ்திடி எனக்கு!... ஏன் சிரிக்கிற? மேற்பார்வைன்னா சும்மாவா?... ம். வாங்கலைதான். ஒரு மாசம் கூட வாங்கலை. புடவை எடுக்கணும்னா கேட்டுத்தான் வாங்குவேன். கேட்டா, போன தடவை எடுத்தது என்னாச்சும்பாரு. அப்போ அது எங்க போச்சு? பதினேழு வருஷம்... மாசக் கணக்கைப் பெருக்கிச் சொல்லாத, எனக்கு அந்தத் தொகை வேண்டாம்.

கையெழுத்தா? கையெழுத்து போட்டிருக்கேன். வருஷா வருஷம் ஒரு தாளை நீட்டுவாரு. தண்ணி வரிக்கும்பாரு. நானும் கைய ஈரம் போகத் தொடச்சுட்டு வந்து போடுவேன். தண்ணி வரி! எவ்வளவு தண்ணி குடிச்சோம் நாம!

உனக்குத் தெரியுமா இது?... எப்போ?... நீ சம்பளப் புஸ்தகத்தைப் பாத்து... அப்போ அன்னைக்கே ஏன் சொல்லலை?... எப்போ சொல்ல வந்த?... சம்பளக் கணக்கைக் கேட்டுச் சண்டை போட்டு வீட்டை விட்டுப் போன அன்னைக்கா?

...

சொன்ன. ஆமா. ‘உங்களுக்கும் சேத்துத்தான் கேக்குறேன் அக்கா’ன்னு சொன்ன. நான் என்ன பதில் சொன்னேன்?... கூலிக்காரின்னு சொன்னேனா? அத்தனை பேர் முன்னாடியா?... சொல்லியிருப்பேன். என் வாய்தானே, எனக்குத் தெரியாதா அது.

சரி, அதுக்காக நான் உன் கால்ல வந்து விழுவேன்னு எதிர்பாக்காத. நீயும் கொஞ்சம் புரியற மாதிரிச் சொல்லியிருக்கலாம். வாசல் வரைக்கும் போயிட்டு, பையத் தூக்கிட்டு, அழுதுகிட்டே சொன்னா யாருக்குப் புரியும்? அறிவு இருக்கா உனக்கு?

என் தாளும் இந்தக் கவருக்குள்ளதானே தூங்கிட்டு இருந்துச்சு? அப்போ எனக்கும் இந்த வருஷம் யாரும் கணக்குக் குடுக்கலை. கடைசி நாள் எனக்கும் நாளைக்குத்தான். நல்ல மனுஷங்க! பதினேழு வருஷம் ஒளிச்சு வச்சாங்க, அதையும் ஒழுங்கா ஒளிக்கத் தெரியல.

ஒரு நிமிஷம். வந்துட்டாரு. மைக்காரரும் பின்னாலேயே வர்றாரு. வைக்காத. அப்படியே இரு. போனை மேசையில வைக்கல, கையிலேதான் வச்சிருக்கேன். நீ வாயைத் தொறக்காத, கேட்டுக்கிட்டு மட்டும் இரு.

வாங்க. சாப்டீங்களா? நல்லா இருந்துச்சா?... போன்லயா? உங்க தம்பி பொண்டாட்டி... ஆமா, சர்டிபிகேட்டுக்குத்தான். அனுப்பியாச்சுன்னு சொன்னீங்களே, இந்தா இருக்கு. உங்க கையாலேயே அனுப்பி உங்க இழுப்பறைக்கே வந்து சேந்துடுச்சு... மைக்காரரே, நீங்க எங்க நழுவுறீங்க? உக்காருங்க. கம்ப்யூட்டரைப் போடுங்க. சின்ன அண்ணிக்கு ஒரு பேரு இருக்கு. அந்தப் பேரை முழுசா எழுத்து எழுத்தா அடிச்சு, ரெண்டு காப்பி எடுங்க. மார்க் போட்டீங்கன்னா உங்களையே மூட்டை கட்டிருவேன்.

என்னங்க?... அவ வந்து கேக்கட்டுமா? எதுக்கு வரணும்? பிச்சையா கேக்குறா? பிடிச்ச வரிக்கு ரசீது கேக்குறா. ஹோட்டல்காரன் பழைய பில்லுக்கு காப்பி கேட்டா, வீட்டுக்கு வந்து கும்பிடுன்னு சொல்வீங்களா? ரெண்டு நிமிஷத்துல குடுக்குறீங்க இல்ல?... மரியாதையா? அதைப் பத்திப் பேச வேண்டாம். அதுல உங்களுக்கும் எனக்கும் நெறைய பாக்கி இருக்கு.

மைக்காரரே, அடுத்தது. பெரிய அண்ணிக்கும் ஒண்ணு அடிங்க. அதே மாதிரி, முழுப் பேரோட... என்ன முழிக்கிறீங்க? தெரியாதா? பதினேழு வருஷமா என் கையால டீ வாங்கிக் குடிக்கிறீங்க, பேரு தெரியாதா!... என்னையும் யாரும் அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு, விடுங்க. இந்தாங்க, ரசீதுப் பின்னால எழுதித் தர்றேன். ஒரு எழுத்து மாறக் கூடாது.

என்னங்க, முகம் ஏன் இப்படி ஆகுது? இந்தத் தாளா? கவருக்குள்ள இருந்துச்சு. இது உங்க கையெழுத்துதானே? மேற்பார்வைக்காரிக்கு மாசம் இருபதாயிரம் குடுத்ததாப் போட்டிருக்கீங்க. எங்க குடுத்தீங்க? எந்தக் கையில குடுத்தீங்க?... உங்க வரியைக் குறைக்கத்தான் கணக்குல எழுதினீங்களா, பணமெல்லாம் வீட்டுக்குத்தானே செலவாச்சா? ஓஹோ. வீட்டுக்குச் செலவானது உங்க பணமா இருக்கும்போது உங்க பெருமை. என் பணமா இருக்கும்போது மட்டும் வீட்டுச் செலவா?... சின்னவ ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. நீங்க போட்ட கையெழுத்துதான் சொல்லிக் குடுத்துச்சு... வீட்ல போய்ப் பேசலாமா? வீட்ல நான் யாரு பேச? பருப்பு வேகலைன்னா பேசலாம். இங்கதான் நான் மேற்பார்வை. அரசாங்கத்துக்கே தெரியும், எனக்குத்தான் தெரியல.

கத்தாதீங்க. உள்ள எல்லாரும் மெஷினை நிறுத்திட்டுப் பாக்குறாங்க.

இந்தாங்க சாவி. இது பாய்லர் ரூம், இது கல்லாப்பெட்டி, இது பின்வாசல். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நீங்களே வாங்க. பாய்லர்காரன் குளிருல நிப்பான். கவுண்டர்ல அந்த ஹோட்டல்காரன் பத்து மணிக்கு வருவான், மேசை விரிப்பு ரெண்டு கொறையுதுன்னு சட்டையைப் பிடிப்பான். நீங்களே பேசுங்க. சில்லறை எண்ணும்போது பத்து ரூபாய் நாணயம் ரெண்டு ஒட்டிக்கும், பாத்துப் பிரிங்க... ஏன் எடுத்துக்க மாட்டேங்குறீங்க? எடுத்துக்கோங்க. சாவி என்ன, சூடா?

...

பேனா அங்க இருக்கு. கண்ணாடிக்குப் பக்கத்துல.

அதுல முதல்ல. சின்னவளோடதுல... ம். காப்பியிலும்... ம். இப்போ என்னோடதுல. நல்லா அழுத்திப் போடுங்க, தண்ணி வரிக்கு நான் போட்ட மாதிரி.

ஹலோ... இருக்கியாடி?... கேட்டுதா?... எல்லாமா?... சரி. போட்டுட்டாரு. சீலும் அடிச்சாச்சு... அழாதன்னு சொன்னேன் இல்ல? எதுக்கெடுத்தாலும் குழாயைத் தொறந்து விட்டுடுவா... நன்றியா? யாருக்கு வேணும் உன் நன்றி? உனக்காகவா பண்ணேன்? எனக்கு ஒரு தாள் வேணும், அதோட உன்னோடதும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அவ்வளவுதான். ஒரே கவர்ல கிடந்ததால தப்பிச்ச.

மூட்டை வண்டியில குடுத்து அனுப்பவா? வேண்டாம். மறுபடியும் எவனாவது ‘அ’ன்னு மார்க் போட்டு அலமாரியில தள்ளிடுவான். நானே எடுத்துட்டு வர்றேன்... ஆமா, அந்த வரி ஆபீசுக்குத்தான்... எனக்கு எதுக்குத் துணை? நான் என்ன ரோட்டைத் தாண்டத் தெரியாதவளா?... எந்த ஜன்னல்ல குடுக்கணும்?... எந்த ஃபார்ம்?... சரி, எனக்குத் தெரியாது. போதுமா? திருப்தியா? சொல்லிட்டேன், தெரியாது.

எட்டு மணிக்கே போய் வரிசையில நில்லு. உன் பழக்கத்துக்கு ஒன்பதுக்கு எழுந்து வராத. டோக்கன் ரெண்டா எடு... ஆமா, ரெண்டு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. அடுத்தடுத்த நம்பரா எடு. நீ அந்த மூலையிலயும் நான் இந்த மூலையிலயும் உக்கார முடியாது... பாப்பாவையும் கூட்டிட்டு வா... ஸ்கூல் ஒரு நாள் இல்லைன்னா குடி முழுகிடாது. நாம ஃபார்ம் எழுதுறப்ப என் மடியில உக்காந்துக்கட்டும். எப்படி இளைச்சுப் போயிருக்கான்னு நானும் பாக்கணும். உன் சமையலைச் சாப்பிட்டு வேற எப்படி இருப்பா... ம்... ம்... வீடு கைக்கு வந்ததும் சொல்லு. எனக்குப் பாக்கணும்னு இல்ல. சும்மா கேட்டேன்.

இரு... என்னங்க?... கவுண்டர்ல ஆள் நிக்குதா? நிக்குதுன்னா போய்ப் பாருங்க. ரசீதை வாங்கி நம்பரைப் பாத்து எடுத்துக் குடுக்கணும், அவ்வளவுதான். நாலு துணி எடுத்துக் குடுக்க என்ன கஷ்டம்?... என்னைக் கேட்டா? நான் வேலையா இருக்கேன்.

ம்... ஒண்ணுமில்லடி, இவருதான். சரி. எட்டு மணி. ரெண்டு டோக்கன்... வை.